சாலையில் சாகிறவன் கணக்கில் எங்கே?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



சாலை விபத்துக் கணக்கைப் பற்றி இன்று பேசுகிறோம். "கணக்கு சர்க்கார் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். ராத்திரி ஷிப்ட் முடிந்து இருட்டில் சைக்கிள் மிதிப்பவர்கள் நாம். விடியுமுன் சரக்கு வண்டியில் நெருக்கியடித்து நின்று நடவுக்குப் போகிறவர்கள் நாம். அந்தக் கணக்கில் ஏறுவது நம் உயிர்தான்.

2022ம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி இலாகா வெளியிட்ட கணக்கு. நாட்டில் மாண்டவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள்; 32,825 பேர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் 100க்கு 64 பேர் ஆகிறது. காரில் போகிறவனுக்கு இரும்புக் கூடு உண்டு. நமக்கு என்ன உண்டு?

இந்தக் கணக்காவது முழுமையா? 2016ல் சர்க்கார் சொன்ன சாவு 1,50,785. அதே ஆண்டுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது 2,99,091. ஏறக்குறைய இரண்டு மடங்கு! மதிப்பீடு கூடக் குறைய இருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்தால், கணக்கு எழுதும் முறையையே பார்த்தாக வேண்டும்.

பழி யார் தலையில்?

2016ம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். விபத்துக்களில் 100க்கு 84, "டிரைவரின் தவறு" என்ற தலைப்பில் அடைக்கப்பட்டன. பிற்பாடு தலைப்பு மாறியது; "சாலை விதி மீறல்" என்று ஆயிற்று. 2022ல் 100 சாவுக்கு 71 சாவு "அதிவேகம்" என்ற கட்டத்தில் விழுந்தது. பெயர் மாறியது, நீட்டிய விரல் மாறவில்லை.

ஏன் இப்படி? கணக்கு பிறக்கும் இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே முதல் வேலை வழக்குப் போடுவது. வழக்குக்கு ஒரு ஆள் வேண்டும். லாரி ஓட்டியவர் கண்ணெதிரே நிற்கிறார். அவரைத் தூங்கவிடாமல் ஓட்டச் சொன்ன முதலாளி அங்கே இல்லை. விளக்குப் போடாத இலாகா அங்கே இல்லை. வளைவைத் தப்பாகப் போட்ட கான்டிராக்டரும் இல்லை. ஆளைத் தேடும் படிவத்தில் காரணம் எப்படி அகப்படும்?

வேகம் ஆளைக் கொல்லும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேகம் ஒன்றே காரணமா? 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு என்ன சொல்கிறது? விதிப்படி சாலை போடாமல் சாவு நேர்ந்தால், சாலைக்குப் பொறுப்பான அதிகாரிக்கும் கான்டிராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்கிறது. சட்டத்தில் இருக்கிறது. சாலையின் குறையை எவரும் எழுதாவிட்டால் அந்தப் பிரிவு எப்படிப் பாயும்?

புதிய முறை

2021 முதல் புதிய முறை வந்தது. சென்னை ஐ.ஐ.டி. வகுத்துக் கொடுத்தது. போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்திலேயே கைப்பேசியில் விவரம் பதிய வேண்டும். இடத்தைக் குறித்துப் படமும் எடுக்க வேண்டும். சாலை இன்ஜினியருக்கும், போக்குவரத்து இலாகாவுக்கும், ஆஸ்பத்திரிக்கும் தகவல் போகும். அவரவரும் தம் பங்கை எழுத வேண்டும். இதை வரவேற்கிறோம். சாலையின் குறையை எழுதவும் இதில் வழி இருக்கிறது.

படிவம் மாறினால் கணக்கு மாறும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அங்கே போலீஸ்காரர் தம் யோசனைப்படி "பலத்த காயம்", "லேசான காயம்" என்று குறித்து வந்தார். 2016 முதல் பல இடங்களில் புது முறை வந்தது. எலும்பு முறிவா, வெட்டுக் காயமா என்று அவர் எழுதினால் போதும். தரம் பிரிப்பது முறையின் வேலை. உடனே பலத்த காயக் கணக்கு ஏறிவிட்டது. சாலை ஒரே ராத்திரியில் கெட்டுவிடவில்லை. மறைந்திருந்தது வெளியே வந்தது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிட, அந்நாட்டார் திருத்திய கணக்கையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள்.

இங்கே விபத்து நடந்த இடத்திலேயே விவரம் ஏறுகிறது. மக்கள் கைக்கு வருவதோ ஆண்டு அறிக்கை. 2022ம் ஆண்டுக் கணக்கு வந்தது 2023 அக்டோபரில். அதிலும் மாநில வாரியாகத் தொகை பார்க்கலாம். நம் ஆலை வாசல் ரோட்டைப் பார்க்க முடியாது. வேலைக்குப் போகும் வழியில் செத்தவர் எத்தனை பேர் என்று சொல்லும் அட்டவணையும் இல்லை. தற்கொலைக் கணக்கில் தினக்கூலிகளுக்குத் தனிக் கட்டம் உண்டு. 2021ல் அதில் 42,004 பேர் என்று நாடே அறிந்தது. சாலைக் கணக்கில் ஏன் அப்படி ஒரு கட்டம் கூடாது?

நாம் செய்ய வேண்டியது

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டில் சாவோ பலத்த காயமோ நேர்ந்த விபத்து 5 நடந்தால், அல்லது 10 பேர் இறந்தால், அது "கரும்புள்ளி" இடம். சீர்திருத்த வேண்டிய இடம். நான்கு விபத்து எழுதி, ஐந்தாவதைப் பேசி முடித்துவிட்டால்? கரும்புள்ளி இல்லை, விளக்கும் இல்லை!

ஆகவே, விபத்தைப் பஞ்சாயத்துப் பேசி மூடவிடக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இடம் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சங்கம் படித்துச் சொல்ல வேண்டும். காயம்பட்டவர் 30 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் இறந்தால் அதுவும் சாலைச் சாவு; அது கணக்கில் ஏறியதா என்று கேட்க வேண்டும். இடித்த வண்டி ஓடிவிட்டாலும் கைவிட வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சாவுக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் நஷ்டஈடு உண்டு. பதிவு இல்லையேல் அதுவும் இல்லை.

சர்க்காரிடம் நாம் கேட்பது மூன்று. சாலை வாரியாக, இடம் வாரியாகக் கணக்கை வெளியிடு! சாலையின் குறைக்கும் டிரைவரின் வேலை நேரத்துக்கும் கட்டம் போடு! வேலைக்குப் போகையில், வருகையில் செத்தவர்களைத் தனியே எண்ணு!

தோழர்களே, எண்ணப்படாத சாவுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. எண்ண வைப்போம், பதில் சொல்ல வைப்போம்!