காமிராவும் வேற்று அடாப்டரும்

தேவாரப் பதிகங்கள் நமக்குக் கிடைத்த வரலாற்றை மாணவர்கள் பலரும் படித்திருப்பீர்கள். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது ஓலைச் சுவடிகளைப் புற்று மூடியிருந்தது என்றும், கறையான் அரித்தவை போக எஞ்சியவையே நம்பியாண்டார் நம்பியின் கைக்கு வந்தன என்றும் மரபு கூறுகிறது. போன ஓலைகள் போனவைதாம். அவற்றுக்கு வேறொரு படி எங்கேனும் இருந்திருக்குமானால் அந்த இழப்பு நேர்ந்திராது. ஒரு நூலுக்குப் படி என்பது அத்துணை இன்றியமையாதது.

முற்காலத்தில் படி எடுப்பதென்றால் எழுத்தாணி கொண்டு மற்றோர் ஓலையில் எழுதுவதாகும். இக்காலத்தில் அவ்வேலையை டிஜிட்டல் காமிரா செய்கிறது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தகைய பெருந்தொகுதிகளைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. ஆனால் சிதம்பரத்திலும் கடலூரிலும் வீட்டுப் பரண்களில் உறங்கும் ஏடுகளுக்கும், நிலப் பத்திரங்களுக்கும், குடும்பக் குறிப்புகளுக்கும் யார் இருக்கிறார்கள்? அவற்றைத் தேடிச் சென்று படமெடுக்கும் சிறு பணியில் நானும் ஈடுபட்டிருக்கிறேன். அந்தப் பணியில் நாள்தோறும் எதிர்ப்படும் எளிய கேள்வி ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். காமிராவைச் செய்த நிறுவனம் அல்லாத வேறொருவர் செய்த மின் அடாப்டரை அதில் பொருத்தலாமா, கூடாதா என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி ஏன் எழுகிறது என்று முதலில் பார்ப்போம். ஓலையைப் படமெடுக்கும்போது காமிரா ஒரு தாங்கியில் கவிழ்ந்து நிற்கிறது. கீழே ஓலை கிடக்கிறது. இருபுறமும் விளக்குகள் எரிகின்றன. ஒரு கட்டை முடிக்க மணிக்கணக்கில் ஆகும். இடையில் பேட்டரி தீர்ந்தால், அதை மாற்றுவதற்காகக் காமிராவைத் தொட வேண்டும். தொட்டால் நிலை அசையும்; குவியம் மாறும்; சில ஓலைகளை மறுபடியும் எடுத்து வைக்க நேரும். நொறுங்கும் நிலையில் உள்ள ஓலைக்கு ஒவ்வொரு தொடுதலும் ஓர் ஆபத்து. ஆகவே சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் காமிராவை இயக்குவதே அறிவுடைமை. அதற்கு அடாப்டர் வேண்டும். காமிரா நிறுவனத்தின் சொந்த அடாப்டரோ விலை மிகுதி. பழைய காமிராவானால் அது விற்பனையிலேயே இராது. கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டுகிறார். வாங்கலாமா?

“நிறுவனத்தின் பெயர் இருந்தால் வாங்கு, இல்லையேல் விடு” என்பது ஒரு சாராரின் கொள்கை. “முனை உள்ளே நுழைந்தால் போதும்” என்பது மற்றொரு சாராரின் கொள்கை. இரண்டும் ஆராயாமல் சொன்னவை. அடாப்டர் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் விடை தானே புலப்படும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறுதிசை மின்சாரம். ஒரு விநாடிக்கு 50 முறை சுழல்வது. காமிராவுக்கு வேண்டியதோ சில வோல்ட் அளவேயுள்ள நேர்திசை மின்சாரம். உயர்ந்த அழுத்தத்தைத் தாழ்த்துவதும், மாறும் திசையை ஒரே திசையாக்குவதும், அதனை ஏற்ற இறக்கமின்றி நிலைநிறுத்துவதும் அடாப்டரின் கடமைகள். இவற்றினும் மேலான கடமை வேறொன்று உண்டு: சுவரிலுள்ள 230 வோல்ட், காமிராவைப் பிடித்திருக்கும் கையை எந்நாளும் எட்டாதபடி தடுத்து நிற்பது. இவற்றைச் சரிவரச் செய்யும் அடாப்டர் யார் செய்ததானாலும் நல்லதே. இவற்றில் ஒன்றில் தவறினாலும் தீயதே.

அப்படியானால் நாம் பார்க்க வேண்டியவை எவை?

முதலாவது மின்னழுத்தம். வீராணம் ஏரியை எண்ணிப் பாருங்கள். ஏரியில் நீர்மட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு விசையோடு மதகில் நீர் பாயும். அந்த உயரத்தைப் போன்றதே மின்னழுத்தம். காமிரா கேட்கும் வோல்ட் அளவும் அடாப்டர் தரும் வோல்ட் அளவும் பொருந்த வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய காமிராக்கள் பலவற்றின் பேட்டரியில் இரண்டு லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன, அதன்மேல் 7.2 வோல்ட் என்றோ 7.4 வோல்ட் என்றோ எழுதியிருக்கும். அது சராசரி அளவே. முழுவதும் ஏறிய நிலையில் அதே பேட்டரி 8.4 வோல்ட் தரும். ஆகவே அத்தகைய காமிராவுக்கு உரிய அடாப்டரில் 8 வோல்ட் என்று கண்டால் திகைக்க வேண்டா. இரண்டு பென்சில் பேட்டரிகளால் இயங்கும் சிறு காமிராவுக்கோ ஏறக்குறைய 3 வோல்ட்தான் தேவை. 8 வோல்ட் அடாப்டரை இதில் செருகினால் என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமோ? காமிராவின் மின்குழி அருகிலும் அதன் கையேட்டிலும் எழுதியிருப்பதே நமக்குக் கட்டளை.

இரண்டாவது மின்னோட்டம், இதனை ஆம்பியரில் குறிப்பர். இங்கேதான் பலர் வீணாக அஞ்சுகிறார்கள். “என் காமிராவுக்கு 2 ஆம்பியர் போதும், இந்த அடாப்டரில் 3 ஆம்பியர் என்றிருக்கிறதே, கருகிவிடாதா?” என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. கருகாது. வீராணம் பெரிய ஏரி என்பதற்காக ஒரு வயலுக்குள் ஏரி முழுவதும் புகுந்துவிடுகிறதா? மடை இழுக்கும் அளவு நீரே வயலுக்குள் செல்கிறது. அழுத்தம் சரியாக இருக்குமானால், காமிரா தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். அடாப்டரின் ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருத்தல் ஆகாது.

குறைந்தால் நேர்வது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1981-ஆம் ஆண்டில் தொடங்கி, மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழாவை நீங்கள் அறிவீர்கள். அவ்விழாவுக்கு முன்பு தன் தங்கையின் ஒத்திகையைப் படம்பிடிக்க ஒரு கல்லூரி மாணவர் விரும்பினார். பேட்டரியின் வடிவிலேயே செய்யப்பட்டு, உள்ளே மின்கலம் இன்றிக் கம்பி மட்டும் வெளிவரும் பொருள் ஒன்று கடையில் விற்கிறது. ‘டம்மி பேட்டரி’ என்பர். அதன் மறுமுனையைக் கைப்பேசியின் பழைய சார்ஜரில் அவர் செருகினார். காமிரா உயிர் பெற்றது, படமும் ஓடிற்று. லென்சின் மோட்டார் விசையாகச் சுழன்ற வேளையில் காமிரா அணைந்தது. எழுதி முடியாத அந்தக் கோப்பு மீண்டும் திறக்கவே இல்லை.

காரணம் எளிய கணக்கு. அந்தச் சார்ஜர் தருவது 5 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கினால் 5 வாட். கம்பியிலுள்ள சிறு கருவி 5 வோல்ட்டை 8 வோல்ட்டாக உயர்த்துகிறது. ஆனால் ஆற்றலை அது புதிதாகப் படைக்க இயலாது. 5 வாட்டை 8 வோல்ட்டால் வகுத்தால் 0.6 ஆம்பியருக்குச் சற்று மிகும். வழியில் வெப்பமாய்க் கழிவது போக இன்னும் குறையும். மோட்டாரும் திரையும் ஒருங்கே கேட்டபோது அதனால் கொடுக்க இயலவில்லை. நீங்கள் பள்ளியில் போடும் இந்தப் பெருக்கலும் வகுத்தலும் ஒரு படப்பதிவைக் காப்பாற்றியிருக்கும்.

மூன்றாவது முனைகளின் திசை. அடாப்டரின் வட்டமுனையில் உட்பக்கம் நேர்முனையாகவும் வெளிப்பக்கம் எதிர்முனையாகவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். ஒரு புள்ளி, அதனைச் சூழ்ந்த பிறைபோன்ற கோடு, இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள் என்று ஒரு சிறு சித்திரம் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும். காமிராவிலும் அதே சித்திரம் இருக்க வேண்டும். முனையின் பருமன் ஒத்திருப்பது நட்புக்குச் சான்று அன்று.

கடலூரில் ஒரு கடைக்காரர் எனக்கு ஓர் அடாப்டர் காட்டினார். மேலே 7.5 வோல்ட் என்றிருந்தது, முனையும் பொருந்திற்று. “எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, எல்லாவற்றுக்கும் இதுதான் போகிறது” என்றார். பையில் எப்போதும் வைத்திருக்கும் மல்டிமீட்டரை அதன் முனைகளில் வைத்துப் பார்த்தேன். முள் 11 வோல்ட்டைத் தொட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த அடாப்டரும் பழுதானது அன்று. பழைய வகை மின்மாற்றி கொண்ட அடாப்டர்களில் அழுத்தத்தை நிலைநிறுத்தும் உறுப்பு இராது. பாரம் ஏறும்போது மட்டுமே அவை குறித்த அளவுக்கு இறங்கி வரும். பாரம் இல்லாதபோது மிக உயர்ந்து நிற்கும். பழைய வானொலிப் பெட்டி அதைத் தாங்கும். நுண்ணிய மின்னணு உறுப்புகள் நிறைந்த காமிரா தாங்குமென்று எப்படி நம்புவது? நன்றி கூறி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று: பாதுகாப்பு. 230 வோல்ட் பாயும் பகுதிக்கும் சில வோல்ட் பாயும் பகுதிக்கும் இடையே தக்க இடைவெளியும் காப்பும் இருக்க வேண்டும். மலிவு கருதி இதைக் குறைத்தவர்களின் பொருளை நாம் வெளியிலிருந்து கண்டுகொள்ள முடியாது. அதற்காகவே அரசின் சட்டம் இருக்கிறது. மின்னணுப் பொருள்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்னும் ஆணை 2012-இல் பிறந்தது. பின்னர் அடாப்டர்களும் அப்பட்டியலில் சேர்ந்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆங்கில ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அடாப்டரில் உள்ளனவா என்று பாருங்கள். முத்திரையையும் போலியாக அச்சிடுவார் உளர். ஆகையால் அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணை இட்டு, வரும் பெயரும் பெட்டியிலுள்ள பெயரும் ஒன்றா என்று சரிபார்ப்பது நலம்.

இந்நாளில் புதிய காமிராக்கள் பல யூ.எஸ்.பி. டைப்-சி என்னும் பொது முனையுடன் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் தன் நாடுகளில் புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கும் டிஜிட்டல் காமிராக்களுக்கும் இம்முனையைக் கட்டாயமாக்கியது. இம்முறையில் அமைந்த நல்ல சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும். கருவி கேட்டு, இரண்டும் உடன்பட்ட பின்னரே 9 வோல்ட் முதலிய உயர்ந்த அளவுகளைத் தரும். ஆக, ‘வேற்று அடாப்டர்’ என்பதே இனி இயல்பாகப் போகிறது. எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. சில காமிராக்கள் இம்முனை வழியே இயங்கும். வேறு சில, அணைத்து வைத்திருக்கும்போது பேட்டரியை மட்டும் ஏற்றிக்கொள்ளும். இதைக் கையேடு சொல்லும். கையேட்டை அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடுவோர்க்கு யார் சொல்வது?

நம் மாவட்டத்தார்க்கு உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து 1962-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் பிறந்து வருகிறது. ஆயினும் மின்சாரம் பிறக்கும் மாவட்டத்திலும் புயல் வந்தால் இருள்தான். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்று மீளும் வேளையில் அழுத்தம் துள்ளக்கூடும். ஆகவே மின்தடை நேர்ந்தவுடன் அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் வந்து விளக்குகள் நிலைபெற்ற பின் செருகுங்கள்.

விலை குறைவு என்பது ஒரு குணம்தான். அதை நான் இகழவில்லை. கல்லூரி மாணவரின் பணப்பை எவ்வளவு என்பதை நான் அறிவேன். வேற்று அடாப்டர் இல்லையேல் பழைய காமிராக்கள் பல மூலையில் கிடக்க வேண்டியவையே. பரண்மேல் உள்ள ஏடுகளும் படமாகாமலே போகும். நான் வேண்டுவதெல்லாம் இதுதான். வாங்குவதற்கு முன் அடாப்டரின் முதுகில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள்; காமிராவின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்; மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள்; முதல் நாள் ஒரு மணி நேரம் வெறும் தாளைப் படமெடுத்து, அடாப்டர் மிகச் சூடாகிறதா, படத்தில் கோடுகள் விழுகின்றனவா என்று சோதியுங்கள். அதன் பின்னரே ஓலைக்கட்டின் கயிற்றை அவிழுங்கள்.