பால் பல்தானே என்று விடலாமா?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு தலைமை ஆசிரியர் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியோ மேற்படிப்பைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் விழுந்துபோகிற பால் பல்லைப் பற்றி. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. பகலுணவு வேளையில் பிள்ளைகளின் வரிசையருகே சற்று நின்று பாருங்கள். ஒரு பக்கமாகவே மென்று விழுங்கும் பிள்ளை, சுண்டலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடும் பிள்ளை, பிற்பகல் முழுவதும் கன்னத்தில் கைவைத்தபடி கரும்பலகையைப் பாராமல் அமர்ந்திருக்கும் பிள்ளை என ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பர். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டால், பல்வலி என்று விடை வரும். பெற்றோரை அழைத்துக் கேட்டால், "பால் பல்தானே ஐயா, விழுந்து முளைச்சுடும்" என்பார்கள்.

அந்த ஒரு சொல்லைத்தான் இன்று உங்கள் முன் ஆராய விரும்புகிறேன்.

குழந்தைக்கு ஏறத்தாழ 6ஆம் மாதத்தில் முதற்பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. "விழுந்துவிடும்" என்று நாம் சொல்லும்போது நம் மனக்கண்ணில் நிற்பவை முன்பற்கள். அவை 6, 7 வயதில் ஆடி விழுவது உண்மை. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து பிள்ளை மகிழ்வதும் உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் எட்டுக் கடைவாய்ப் பால் பற்களும் 9 வயது முதல் 12 வயது வரையில்தான் ஒவ்வொன்றாக விழுகின்றன. முதல் வகுப்பில் சொத்தையான பல், அப்பிள்ளை ஆறாம் வகுப்புக்குச் செல்லும் வரையில் வாயில் இருந்து உழைத்தாக வேண்டும். எப்படியும் ஓய்வு பெறப் போகிறவர்தானே என்று, பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டே ஓர் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோமா?

பால் பல்லின் மேலுறையாகிய எனாமல், நிலைப்பல்லின் எனாமலோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதிக் கனமே உடையது. ஆகவே சொத்தை விரைந்து உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடுகிறது. வேரடியில் சீழ் கட்டுகிறது. அவ்வேர்களை ஒட்டியே, எலும்பினுள், அடுத்து வரவேண்டிய நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. நாட்பட்ட சீழ் அந்த இளம்பல்லின் எனாமலையும் கெடுத்துவிடக்கூடும். அப்போது புதிய பல் பழுப்பேறி, குழிவிழுந்து முளைக்கிறது.

சரி, வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்ததா? என் பள்ளி மாணவி ஒருத்திக்கு 7 வயதில், நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், கடைவாய்ப் பால் பல் ஒன்றைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று பெற்றோரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பின்னாலிருந்த பல் மெல்ல முன்னே சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. 11 வயதில் வரவேண்டிய பல்லுக்கு வழியில்லை. அது நாக்கின் பக்கமாக முளைத்தது. பால் பல் மெல்லுவதற்கு மட்டுமன்று, தனக்குப் பின் வருபவருக்கு இடம் பிடித்து வைப்பதற்கும் அமைந்தது. தவிர்க்க இயலாமல் பிடுங்க நேர்ந்தால், அவ்விடம் மூடாதிருக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்தும் முறை உண்டு. அதைக் கேட்டுப் பெறும் அளவுக்காவது நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ 6 வயதில், எல்லாப் பால் பற்களுக்கும் பின்னால், மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமல், ஓசையின்றி முளைப்பதால், பெற்றோர் இவற்றையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். இவை நிலைப்பற்கள், போனால் மீண்டும் வாரா. வாயில் ஏற்கனவே சொத்தை மலிந்திருந்தால், பள்ளங்கள் நிறைந்த இப்புதுப்பல்லும் எளிதில் இரையாகிவிடும். இருபது வயது இளைஞர் பலர் கடைவாய்ப் பல் இழந்து நிற்பதற்கு, "பால் பல்தானே" என்ற அச்சொல்லே தொடக்கம்.

சொத்தைக்குக் காரணம் பற்புழு என்று கிராமங்களில் இன்றும் கூறுவர். காதில் புகை காட்டிப் புழு எடுப்பதாகச் சொல்லிக் காசு பறிப்போரும் உண்டு. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. வாயிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. ஒரு முறை இனிப்பு தின்றால் ஏறத்தாழ அரைமணி நேரம் இவ்வரிப்பு நடக்கும். பின்னர் உமிழ்நீர் அதனைச் சீர்செய்யும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட, எத்தனை முறை தின்றோம், எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருந்தது என்பதே பெரிது.

இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது என்பதை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுவீடன் நாட்டில் லுண்ட் நகரையடுத்த விப்பேகோல்ம் என்னும் இல்லத்தில், மனவளர்ச்சி குன்றியோர் அடைக்கப்பட்டிருந்தனர். 1940களின் பிற்பகுதியில் அவர்களுக்கு உணவோடு சர்க்கரையும், சிலருக்கு இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய்களும் கொடுத்து ஆய்வு நடத்தினார்கள். மிட்டாய் தின்றோரின் பற்கள் பாழாயின. 1954இல் முடிவுகள் வெளியாயின. அவர்களுடைய இசைவை யாரும் கேட்கவில்லை. குரலற்றவரின் உடலை இவ்வாறு கையாண்டது பெருங்கொடுமை என்பதை நம்மைவிட உணர்ந்தவர் யார்? அவ்வளவு விலைகொடுத்துக் கிடைத்த அறிவு, நம் குடியிருப்பின் பெட்டிக்கடை வாசல்வரை இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய், அழும் பிள்ளையின் கையில் மிட்டாய்க்குக் காசு கொடுக்கிறாள். இரவில் களைத்து வந்து, சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்து உறங்கச் செய்கிறாள். அத்தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகையால், புட்டிப்பால் இரவெல்லாம் முன்பற்களை அரிக்கிறது. புட்டியில் வெறும் தண்ணீர் வைக்கலாம். மிட்டாயை உணவோடு சேர்த்துக் கொடுத்து முடித்துவிடலாம். இதற்குக் கூடுதற் செலவு ஒரு காசுமில்லை.

பல் துலக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழும் பழமொழி நமக்குண்டு. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை குச்சியை மென்று கடைவாய்ப் பல்லைத் துலக்க இயலாது. செங்கல் தூளும் கரியும் எனாமலைத் தேய்ப்பன. முதற்பல் முளைத்த நாள் முதல் சிறிய, மென்மையான தூரிகையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். புளோரைடு கலந்த பற்பசை, 3 வயதுவரை ஓர் அரிசியளவு, அதன்பின் ஒரு பட்டாணியளவு போதும். 7, 8 வயதுவரை பெரியவர்தாம் துலக்கிவிட வேண்டும். தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பற்களில் கறை படிவதைப் பலர் அறிவீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது அதற்காகவே. அளவோடு இருந்தால் காப்பதும், மிகுந்தால் கெடுப்பதும் அதன் இயல்பு. ஆகவே பிள்ளை பற்பசையை விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான நடமாடும் மருத்துவக் குழு, 2013இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தின்படி, பள்ளிக்கு ஆண்டுக்கொரு முறையும் அங்கன்வாடிக்கு இரு முறையும் வருகிறது. பற்சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டைக் கூரையில் செருகி வைக்காமல் அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் சட்டமான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு பல் மருத்துவப் படிப்புக்கும் உரியது. மருத்துவம் கிடைக்கவில்லையே என்று மனம் சோர்ந்து, அவ்விடத்தை வேண்டாமென்று விடாதீர்கள்.

இச்சங்கத்தின் மாலை வகுப்புக்கு வரும் சிறு பிள்ளைகளின் பதிவேட்டில், பெயருக்கும் வயதுக்கும் அடுத்து மூன்று கட்டங்கள் கூடுதலாக வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். சொத்தை உண்டா, ஆறு வயதுக் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டதா, மருத்துவரிடம் காட்டியாயிற்றா. பகல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க, கல்லூரி மாணவர் இருவர் முன்வந்தால் போதும். பதிவேட்டுக்கு நானே கோடு போட்டு, அடுத்த திங்கட்கிழமை செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.