அலுமாரியில் இருப்பது அனைவருக்கும்



நாம் படித்த காலத்தில் ஒரு நூலை ஒருத்தி இரவல் எடுத்தால் மற்றவள் காத்திருக்க வேண்டும். அந்த ஒரேயொரு பிரதியும் அழிந்தால் என்ன செய்வது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு இல்லாமற் போயின.

இணையம் இந்நிலையை மாற்றியிருக்கிறது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக மின்வருடப்பட்டு, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு வாரியாக விக்கி மென்பொருளில் அடுக்கப்பட்டுள்ளன. கட்டணமில்லை. வவுனியாவிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் ஒரே மலரை ஒரே நேரத்தில் வாசிக்கலாம்.

ஆனால், கையில் கிடைத்ததைத்தான் மின்வருட முடியும். நமது கல்லூரி மலர்கள் பல இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. எஞ்சியவை உங்கள் அம்மாவின் றங்குப்பெட்டியிலோ அலுமாரியிலோ இருக்கக்கூடும். கறையான் முந்துவதற்குள் அவற்றைத் தாருங்கள். மின்வருடியபின் பத்திரமாகத் திருப்பித் தரலாம். தைத்த கட்டைப் பிரிக்க வேண்டாம்.

பழைய படங்களுக்குப் பின்னால் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். பெயரில்லாத படம் இணையத்தில் ஏறினாலும் தேடுபவருக்கு அகப்படாது. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய மூத்த அக்காமார் இன்று நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்போம்.