பருத்தி ஊர்க்காரர் பனிக்கடலுக்குக் கிளம்புறார்

அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு மார்ச்ல நார்வே கப்பல் பயணம் போறோம்னு போன எபிசோட்ல சொன்னேன். அப்போ இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி: "என்ன ஜாக்கெட் வாங்குன ப்ரோ?" ஜாக்கெட்டுக்கு வரேன். முதல்ல நான் பண்ண தப்புகளைச் சொல்லிடறேன்.

நாங்க போறது 1893-ல் ஆரம்பிச்ச பழைய கடலோரக் கப்பல் வழி. பெர்கன்ல கிளம்பி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்துல இருக்கற கிர்கெனெஸ் வரைக்கும் 34 துறைமுகம். போய்த் திரும்ப 12 நாள். மிதக்கும் மால் மாதிரியான கப்பல் இல்ல இது. ஊர் ஊரா நின்னு ஆளையும் சரக்கையும் ஏத்தி இறக்கற டவுன் பஸ்னு வச்சுக்கங்க.

முதல் தப்பு, டிசம்பர்னு முடிவு பண்ணது. வடதுருவ ஒளி பார்க்கணும்ங்கறது என் ஆசை. ஆனா ட்ரோம்சோ ஊர்ல நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் சூரியன் உதிக்கவே உதிக்காது. அதைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "இருட்டைப் பாக்கறதுக்கா கண்ணு அத்தன தூரம் போறது?" நியாயமான கேள்வி. மார்ச்சுக்கு மாத்தினேன். பகலும் இரவும் கிட்டத்தட்ட சமமா இருக்கும். பகல்ல பனிமலை பார்க்கலாம், வானம் தெளிவா இருந்தா ராத்திரி ஒளியும் பார்க்கலாம்.

ரெண்டாவது தப்பு, துணி. சோமனூர்ல நாப்பது வருசமா தறி ஓட்டறவர் அப்பா. உடம்புல பருத்தியைத் தவிர வேற ஏறாது. நானும் கெட்டியா ஒரு ஜாக்கெட் வாங்கி மேல போட்டா போதும்னு நினைச்சேன். ஒரு ஒத்திகை பார்க்கலாம்னு ஜனவரியில ஊட்டி போனோம். விடிகாலையில தலைகுந்தா, புல்லெல்லாம் உறைபனி. பருத்தி பனியன், அதுக்கு மேல ஜாக்கெட். மேட்டுல நடக்கறப்போ அப்பாவுக்கு வேர்த்துச்சு. மேல போய் அஞ்சு நிமிசம் நின்னதும் நடுங்க ஆரம்பிச்சுட்டார், இருமலும் வந்துருச்சு. பஞ்சுத் தூசியிலேயே இருந்த நெஞ்சு அது. எனக்குப் பயம் வந்துருச்சு.

காரணம் சிம்பிள். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், சீக்கிரம் காயாது. தண்ணி, காத்தை விட 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். நம்ம வெயிலுக்கு அது வரம், அங்க அதுவே எதிரி. அதனால மூணு அடுக்கு: உடம்போட ஒட்டி மெரினோ கம்பளி இல்லன்னா பாலியஸ்டர் தெர்மல், நடுவுல ஃப்ளீஸ், வெளியில காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். வேர்க்கறதுக்கு முன்னாடியே ஒண்ணைக் கழட்டிடணும்.

கப்பல்ல இன்னொரு கணக்கு இருக்கு. கப்பல் 15 நாட் வேகத்துல போனா மணிக்கு 28 கிலோமீட்டர். வெளியில 0 டிகிரி, காத்தே அடிக்கலைன்னாலும், டெக்குல நிக்கறவருக்கு மைனஸ் 6 மாதிரி இருக்கும். ஊட்டியில டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டுனவங்களுக்கு இது புரியும்.

ஊட்டியில இருந்து இறங்குனதும் நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். குளிர்ந்த, வறண்ட காத்து மூச்சுக்குழாயைச் சுருக்கும்னார். மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர், சட்டைப்பையில எப்பவும் இன்ஹேலர், இந்த ரெண்டும் இருந்தா போகலாம்னு சொன்னார். உங்க வீட்டுலயும் இப்படி யாராவது இருந்தா, கப்பல்ல டாக்டர் இருப்பாரான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே எழுதிக் கேட்டுடுங்க.

விசா: நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்ல, ஆனா ஷெங்கன்ல இருக்கு. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வர்ற வரைக்கும், ரத்து பண்ணா பணம் திரும்பாத டிக்கெட் எதையும் தொடாதீங்க.

போன வாரம் மறுபடியும் ஊட்டி, அதே மேடு, இந்தத் தடவை மூணு அடுக்கோட. அப்பா அரை மணி நேரம் நின்னார், நடுக்கம் இல்ல, இருமல் இல்ல. தெர்மல் துணியை ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்: "நாப்பது வருசத்துல பருத்தி என்னைக் கைவிட்டது அன்னிக்கு ஒரு நாளுதான் கண்ணு. போனாப் போகுது, பன்னெண்டு நாளைக்கு மன்னிச்சுக்கும்."

தறியை யார் பார்த்துக்கறதுங்கறது மட்டும் இன்னும் முடிவாகல. மாமாகிட்ட பேச்சு நடக்குது. அடுத்த எபிசோட்ல சொல்றேன்.