சுவருக்குள் மறையும் குழாய்



குழாய்ப் பணியும் வெந்நீர்க் கருவி பொருத்தும் பணியும் மறைவில் நிகழ்வன. கொத்தனாரின் சுவரை எவரும் காண்பர்; பூச்சு முடிந்தபின் அதனுள் கிடக்கும் குழாயை எவரும் காணார். வெந்நீருக்குரியது சி.பி.வி.சி. குழாய்; ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பி.வி.சி. குழாயோ 60 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும், விலையும் குறைவு. ஒன்றைப் பதித்து மற்றொன்றுக்குப் பட்டியல் எழுதினால், கசிவு காணும் வரை உரிமையாளர் அறியார்.

கள்ளாமை விரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்கள் ஐந்தனுள் அளவில் ஏமாற்றுதல் ஒன்று. போலிப்பொருளைக் கலந்து விற்றல் மற்றொன்று. இத்தொழிலை நோக்கியே உரைத்தனரோ என எண்ணத் தோன்றும்!

ஆதலின் பூச்சுக்கு முன்பே அழுத்தச் சோதனை செய்து, உரிமையாளரை அழைத்து அளவுமானியைக் காட்டுதல் வேண்டும். குழாய் செல்லும் வழியை நிழற்படமெடுத்து அவரிடமும் ஒரு படி தரலாம்; பின்னாளில் ஆணி அடிப்பவர் வாழ்த்துவார். அடுத்த வீட்டுப் பணி அவர் வாய்ச்சொல்லால் வரும், விளம்பரத்தால் அன்று.

சிறுதொழில் நலிவது பெரும்பாலும் நிலுவையால். பதிவுபெற்ற குறுந்தொழிலுக்குரிய பணத்தை, ஒப்பந்தத்தில் எத்தவணை எழுதியிருப்பினும், 45 நாட்களுக்கு மேல் கடத்தலாகாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதனை எடுத்துரைக்க நாணி, உதவியாளின் கூலியை நிறுத்திவைப்போரே மிகுதி. பெரியவரிடம் அஞ்சி எளியவரிடம் கடன்படுவது என்ன வணிகம்?

சோதனைக்கு ஏற்றிய நீரையும் சாக்கடையில் விடாது, தொட்டியில் பிடித்துச் சுவர் நனைக்கக் கொடுப்போர் உளர். நீரையே உடலாகக் கொண்ட உயிர்களை எண்ணும் குடியில் அது வியப்பன்று.