மண் மூடும் முன் ஒரு படம்

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துத் தரும் ஒப்பந்ததாரருக்குக் கைப்பேசியின் பெரிய பயன் பேச்சு அல்ல, பள்ளத்தை மூடுவதற்கு முன் எடுக்கும் படம்தான். துணைக்குழாய் மண்ணுக்குள் போய்விடுகிறது. நாலு வருஷம் கழித்துக் கசிந்தால் எங்கே தோண்டுவது? போட்ட ஃபிட்டருக்குத் தெரியும் என்பார்கள். அவர் அதற்குள் வேறு முதலாளியிடம் போயிருப்பார். ஜிபிஎஸ் இருக்கிறதே என்றால், சாதாரணக் கைப்பேசியில் அது சில மீட்டர் பிசகும். வயலை அடையாளம் காட்ட அது போதும், மண்வெட்டிக்குப் போதாது. கிணற்று மூலையிலிருந்து டேப் பிடித்து, அளவு தெரியும்படி எடுத்த படமே உதவும்.

படங்கள் காலை வணக்கச் செய்திகளுக்குள் தொலைந்துபோகின்றன என்பது நியாயமான குறைதான். வயலை விட்டுக் கிளம்புமுன் சர்வே எண் போட்டுத் தனியே சேமித்தால் அது தீரும்; சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளையும் அன்றே படமெடுக்கலாம். பிறகு ‘தண்ணி சொட்டலீங்க’ என்று விவசாயி கூப்பிட்டால், அதே இரண்டு முள்ளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். இடைவெளி கூடியிருந்தால் அநேகமாக வடிகட்டியில்தான் அடைப்பு. அதை அவரே கழுவிக்கொள்வார். ஆள் அனுப்பும் பெட்ரோல் மிச்சம்.