ஸ்மார்ட்போனின் ஆதிகாலம்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஸ்மார்ட்போன் என்னும் கருவி உங்களில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருத்தலின், அதன் பெருமையை யான் எடுத்துரைக்கப் புகுவது மிகையாகும். அது தோன்றிய காலத்தில் என்னென்ன செய்தது, எதனால் தோற்றது, எதனால் வென்றது என்பவற்றையே சொல்ல விரும்புகின்றேன். நம் குடும்பங்களிற் சில கடன்பட்டும் புதுக்கருவி வாங்கி வருதலின், இவ்வரலாறு பொழுதுபோக்கிற்காக மட்டும் கேட்கத்தக்கதன்று.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியார் செய்த 'சைமன்' என்னும் கருவி 1994-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் விற்பனைக்கு வந்தது. இவ்வினத்தில் முதலாவது இதுவே என்பர். நிறை ஏறத்தாழ அரைக் கிலோகிராம். எண் பொத்தான்கள் இல்லை. திரையில் தோன்றும் எண்களையும் படங்களையும் விரலாலோ சிறு கோலாலோ அழுத்தவேண்டும். பேசுவதோடு, விலாச ஏடு, நாட்குறிப்பு, கணக்குப் போடும் கருவி, பல நாட்டு நேரம் காட்டும் கடிகாரம், மின்னஞ்சல் யாவும் அதனுள் அடங்கியிருந்தன. தொலைநகலும் உண்டு. வெளியூர் சென்ற வியாபாரி ஒருவர் வழியிலிருந்தே செய்தி அனுப்ப, அது அவர் கடையிற் காகிதமாக வந்துசேரும். அக்காலத்துக்கு இஃது அற்புதமேயாம்.

ஆயினும் பயன் என்ன? அதன் மின்கலம் சுமார் ஒரு மணி நேரப் பேச்சுக்கே தாங்கிற்று. விலையோ 899 டாலர். அதுவும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தின் மேல். ஏறத்தாழ 50,000 கருவிகளே விற்றன. மறு வருஷமே விற்பனை நின்றது. அம்சங்கள் குறைந்தமையால் அது வீழ்ந்ததன்று. நடுப்பகலில் உயிர் விடும் நாட்குறிப்பை எவர் நம்புவார்? கடைக்காரர் அம்சங்களை அடுக்கும்பொழுது நம்மவர் முதலிற் கேட்கவேண்டுவது மின்கலத்தைப் பற்றியே. பழைய கருவியில் மின்கலம் மட்டும் தளர்ந்ததாயின், பெரும்பாலும் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகக் கடன் பத்திரம் எழுதவேண்டுவதில்லை.

1996-ல் பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியார், புத்தகம்போல் விரியும் 'கம்யூனிகேட்டர்' ஒன்றை வெளியிட்டனர். உள்ளே முழு எழுத்துப்பலகை இருந்தது. பின்னர் வந்த பிளாக்பெர்ரி, கடிதப் போக்குவரத்தைக் கைக்குள் கொணர்ந்தது. காரியாலயம் வீடுவரை பின்தொடர்ந்து வரலாயிற்று. அது நன்மையோ அன்றோ என்பதை உத்தியோகஸ்தர்களின் மனைவிமாரைக் கேட்டறிக!

2007-ஆம் வருஷம் ஜூன் 29-ந் தேதி ஆப்பிள் கம்பெனியாரின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. சலனப்படம் எடுக்க அதனால் இயலாது. பிறர் செய்த செயலிகளைச் சேர்க்கவும் முதலில் வழியில்லை. ஆனால் கோல் வேண்டுவதில்லை. வெறும் விரல் போதும். வலைப்பக்கம் முழு வடிவில் தோன்றிற்று. எட்டு மணி நேரம் பேசலாம் என்று கம்பெனியார் அறிவித்தனர். 2008 ஜூலையில் பிறர் செய்த செயலிகளுக்கும் கதவு திறந்தது. தொடக்கத்தில் அவை சுமார் 500. ஓரிடத்து எழுத்தைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டும் எளிய வசதிகூட 2009 ஜூனிலேதான் வந்தது. அதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்றுப்போயிருந்தன.